விழுந்த பிறகு எழுந்து நின்றால் படபடக்கிறதா? தோட்டத்து உறவுகளுக்கு ஒரு நீண்ட பதிவு

பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை பக்கத் தோட்டங்களில் இருக்கிற யாராவது ஒருவர் இதை வாசித்துவிட்டு, "விழுந்ததிலிருந்து ஆள் முன்ன மாதிரி இல்ல" என்று லயத்தில் பேசப்படுகிற ஒருவரிடம் போய் உட்கார்ந்து அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்தால் போதும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் சின்னம்மாவின் மகள், எனக்கு அக்கா முறை, பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். ஒருநாள் மலையில் குளவி கலைந்துவிட்டது. கூடையைப் போட்டுவிட்டு ஓடும்போது சறுக்கி, கான் ஓரத்துக் கல்லில் பின்மண்டை அடிபட்டது. கொஞ்ச நேரம் நினைவில்லை. த்ரீவீலரில் தூக்கிக்கொண்டு போனார்கள். சிடி ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை, எலும்பு உடையவில்லை. ஒரு இரவு வைத்துப் பார்த்துவிட்டு டிக்கட் வெட்டினார்கள். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி.

ஆனால் அக்காவுக்கு அதன் பிறகுதான் தொடங்கியது. படுத்திருக்கும்போது ஒன்றுமில்லை. காலையில் எழுந்து அடுப்படியில் நின்றால் நெஞ்சு படக்குப் படக்கென்று அடிக்கும். கண் இருட்டும். கை சில்லிட்டு, நெற்றி வியர்க்கும். மேட்டில் பத்து எட்டு வைத்தால் மூச்சு வாங்கும், தலைவலி ஏறும். குனிந்து நிமிர்ந்தால் ஒரு கிறுகிறுப்பு. வேலைக்குப் போன நாட்களில் கொழுந்து நிறுவை எட்டாமல் அரைப்பேர். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று ஊருக்கே தெரியும். அதனால் "பயந்த கோளாறு" என்றார்கள். மந்திரித்து நூல் கட்டினார்கள். "வேலைக்குக் கள்ளம்" என்று காதுபடச் சொன்னவர்களும் உண்டு. அக்காவுக்கு அந்த வார்த்தைதான் அடியைவிட அதிகம் வலித்தது.

பிறகு ஒரு கிளினிக்கில் இளம் டொக்டர் ஒருவர் அவரைக் கட்டிலில் படுக்கவைத்து நாடியையும் பிரஷரையும் பார்த்தார். எழுந்து சுவரோரம் நிற்கச் சொல்லி மறுபடி பார்த்தார். படுத்திருந்தபோது எழுபது சொச்சமாக இருந்த நாடி, நின்ற சில நிமிடங்களில் நூற்றுப்பத்தைத் தாண்டியது. பிரஷர் விழவில்லை. "இவங்க சொல்றதெல்லாம் உண்மை, இந்தா எண்ணிக்கையில தெரியுது பாருங்க" என்று கூட வந்த அத்தானிடம் அவர் சொன்னார். அந்தக் கட்டிலுக்கும் கைக்கடிகாரத்துக்கும் பிரஷர் மிஷினுக்கும் இருக்கிற சக்தியைப் பற்றித்தான் இனிப் பேசப்போகிறேன்.

தலையில் அடிபட்டு மூளை குலுங்குவதை டொக்டர்மார் கன்கஷன் என்பார்கள். சிடி ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்று பார்க்க அது அவசியம். ஆனால் கன்கஷனில் பாதிக்கப்படுவது மூளையின் வேலை. மெல்லிய நரம்பிழைகள் இழுபடுகின்றன, உயிரணுக்களுக்கு உள்ளேயும் வெளியேயும் உப்புச்சத்துகளின் சமநிலை குலைகிறது, அதைச் சரிசெய்ய மூளைக்கு வழக்கத்தைவிட அதிக சக்தி தேவைப்படுகிறது. இது எதுவும் சாதாரண ஸ்கேன் படத்தில் விழாது. ஸ்கேன் சுத்தமாக இருப்பதும் ஆள் சுகமில்லாமல் இருப்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

நாம் நினைக்காமலே நடக்கிற வேலைகளை, அதாவது இதயத்துடிப்பு, ரத்த அழுத்தம், வியர்வை, குடலின் அசைவு, கண்மணி சுருங்கி விரிவது, உடம்பின் சூடு ஆகியவற்றை, தன்னாட்சி நரம்புத் தொகுதி கவனித்துக்கொள்கிறது. பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் படித்த பரிவு நரம்புகளும் பரபரிவு நரம்புகளும் இதில்தான் வருகின்றன. முன்னது வேகத்தைக் கூட்டும், பின்னது அடக்கும். இவற்றை நடத்துகிற மையங்கள் மூளைத்தண்டிலும் அதற்கு மேலேயுள்ள ஐப்போதலமசிலும் இருக்கின்றன. தலை குலுங்கும்போது இந்தப் பகுதிகளும் அவற்றின் இணைப்புகளும் தடுமாறலாம்.

நாம் எழுந்து நின்றதும் ஏறத்தாழ அரை லீட்டர் ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. தோட்டத்தில் தண்ணீர் லைன் எப்படி என்று நமக்குத் தெரியும்: கீழ் லயத்துப் பைப்புகள் எல்லாம் திறந்து கிடந்தால் மேல் லயத்துக்குத் தண்ணீர் ஏறாது, யாராவது போய் வால்வைத் திருக வேண்டும். உடம்பில் அந்த வால்வைத் திருகுவது பரிவு நரம்பு. கால்களின் ரத்தக்குழாயைச் சுருக்கி, இதயத்துடிப்பைக் கொஞ்சம் கூட்டி, தலைக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். சுகமான ஒருவருக்கு நிற்கும்போது துடிப்பு நிமிடத்துக்குப் பத்து, இருபது கூடுவதோடு முடிந்துவிடும். அந்த ஒழுங்கு கெட்டால் இதயம் மாத்திரம் ஓடு ஓடென்று ஓடும். படபடப்பு, கண் இருட்டல், சில்லிடல் எல்லாம் அதிலிருந்துதான்.

நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடி 30 அல்லது அதற்கு மேல் கூடி, பிரஷர் பெரிதாக விழாமல், தொல்லைகள் மூன்று மாதம் அளவில் நீடித்தால் அதற்குப் போட்ஸ் என்று பெயர். 12 முதல் 19 வயதுக்குள் இருந்தால் 40 கூட வேண்டும். 1993இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த மருத்துவர்கள்தான் இதைத் தனி நோய்நிலையாக விவரித்தார்கள். பெண்களுக்கு, அதிலும் பிள்ளை பெறும் வயதிலுள்ளவர்களுக்கு இது அதிகம் வருகிறது. காய்ச்சல் போன்ற தொற்றுகளுக்குப் பிறகும் வரும், தலையடிக்குப் பிறகும் வரும். இன்னொரு வகையில் நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் பிரஷர் 20 அல்லது கீழ் பிரஷர் 10 விழும். இரண்டையும் ஒரே சோதனையில் பார்த்துவிடலாம்.

அதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. தலையில் அடிபட்டவர் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், தலைவலி கூடிக்கொண்டே போனால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் எழும்பாமல் தூங்கினால், பேச்சுக் குழறினால், ஒரு பக்கம் பலவீனமானால், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம். 1990க்கு அடித்துச் சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள், அது இலவசம். வயதானவர்களுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து குடிப்பவர்களுக்கும் அடிபட்டு வாரங்கள் கழித்தும் மெல்ல ரத்தம் கட்டலாம். நன்றாக இருந்த தாத்தா திடீரென்று தடுமாறினால் பழைய விழுகையை டொக்டரிடம் சொல்லத் தவறாதீர்கள்.

இப்போது சோதனை. பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்க வேண்டும். அடிபட்டவர் ஐந்து முதல் பத்து நிமிடம் பேசாமல் படுத்திருக்கட்டும். மணிக்கட்டில் பெருவிரல் பக்கம் நாடியை முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பிரஷர் மிஷின் இருந்தால் அதையும் பாருங்கள். பிறகு எழுந்து அசையாமல் நிற்கட்டும். ஒன்றாம், மூன்றாம், ஐந்தாம், பத்தாம் நிமிடத்தில் மறுபடி எண்ணி, அந்த நேரத்தில் அவர் என்ன உணர்கிறார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். விழப்போவது போலிருந்தால் உடனே படுக்கவைத்துச் சோதனையை நிறுத்திவிடுங்கள். தோட்ட டிஸ்பென்சரியில் இருக்கிறவரோ லயத்துக்கு வருகிற குடும்பநல மருத்துவிச்சியோ இதைச் செய்ய முடியும். பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தத் தாளைக் கொண்டுபோங்கள். டொக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் எண்கள் புரியும்.

தலைசுற்றல் எல்லாம் இதுவாகத்தான் இருக்கும் என்றும் நினைத்துவிடக் கூடாது. பாயில் புரண்டு படுக்கும்போது அறையே சுற்றி, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிட்டால் அது காதுக்குள்ளே இருக்கிற நுண்ணிய துகள் இடம்மாறியதால் வருவது. தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பிப் படுக்கவைத்து டொக்டரோ பிசியோதெரபிஸ்டோ அதைச் சரிசெய்வார். கழுத்தும் அடிபட்டிருந்தால் கழுத்தைத் திருப்பும்போது கிறுகிறுக்கும். கொழுந்துக் கூடையின் கயிறு தலையில்தானே தொங்குகிறது, அந்தப் பாரம் முழுவதும் கழுத்துக்கு. ரத்தசோகை, தைராய்டு, கர்ப்பம், பிரஷர் மாத்திரை எல்லாமே நாடியைக் கூட்டவோ தலையைச் சுற்றவைக்கவோ கூடியவை. தோட்டத்துப் பெண்களுக்கு ரத்தசோகை எவ்வளவு பொதுவானது என்று நமக்கே தெரியும். ஒரு ரத்தப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். படபடப்பு வந்தால் பயம் வருவது இயல்பு. பயம் இருக்கிறது என்பதற்காக நாடியை எண்ணாமல் விடுவதற்கு நியாயம் இல்லை.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 2019 பெப்ரவரியில் கான்பராவில் பட் கமின்ஸ் போட்ட பந்து திமுத் கருணாரத்னவின் கழுத்துப் பக்கம் பட்டு அவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனதை நாமெல்லாம் டீவியில் நெஞ்சு பதறப் பார்த்தோம். அதே மெட்சில் குசல் பெரேராவும் ஹெல்மட்டில் அடிபட்டு வெளியேறினார். அந்த வருடம் ஓகஸ்டில் கன்கஷன் ஆன வீரருக்குப் பதிலாக வேறொருவர் ஆடலாம் என்று ஐசிசி விதி கொண்டுவந்தது. லோர்ட்ஸில் ஸ்டீவ் ஸ்மித்துக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் ஆடியதுதான் டெஸ்ட் ஆட்டத்தில் முதல் தடவை. கொழுந்து மலையில் தலை அடிபட்டவருக்கும் அதே மூளைதான். அவருக்குப் பதிலாக அன்றைக்கு யாரும் இறங்க மாட்டார்கள், பேர் போகும். அந்த வித்தியாசம் என்னை உறுத்துகிறது.

விளையாட்டு உலகம் கற்றுக்கொண்டது நமக்கு நேரடியாக உதவும். முன்பெல்லாம் கன்கஷன் என்றால் இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்கவைப்பார்கள். 2022இல் அம்ஸ்டர்டாமில் கூடிய உலக நிபுணர்களின் மாநாடு, முதல் 24 முதல் 48 மணி நேரம் வேலையைக் குறைத்து ஓய்வெடுத்தால் போதும், அதன் பிறகு மெல்ல நடமாடத் தொடங்க வேண்டும் என்று சொல்கிறது. அமெரிக்காவில் பஃபலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் லெடியும் அவருடைய குழுவும் ஒரு சோதனையை உருவாக்கினார்கள். ட்ரெட்மில்லில் ஒரே வேகத்தில் நடக்கவைத்து, நிமிடத்துக்கு நிமிடம் ஏற்றத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். தலைவலியோ சுற்றலோ கூடத் தொடங்குகிற நொடியில் நாடி எவ்வளவு என்று குறித்துக்கொள்வார்கள். அதுதான் அவருடைய எல்லை. அந்த எல்லைக்குக் கொஞ்சம் கீழே, அதில் 80 முதல் 90 வீதத்துக்குள் நாடி இருக்கும்படி தினமும் இருபது நிமிடம் நடக்கவைப்பார்கள். 2019இல் 103 பதின்வயதினரிடம் செய்த ஆய்வில், இப்படி நடந்தவர்கள் குணமாக 13 நாள் பிடித்தது, வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களுக்கு 17 நாள்.

ஏற்றத்தைக் கூட்டிக்கொண்டே போகிற சோதனை! நம் பெண்கள் காலை வெயில் ஏறுவதற்குள் கூடையோடு அதைத்தான் செய்கிறார்கள். நமுனுகுலைச் சரிவில் வேலைக்குப் போகிற ஒருவரை, அடிபட்ட இரண்டாம் வாரமே மேல் மலைக்கு அனுப்புவது அந்தச் சோதனையின் கடைசி நிமிடத்தில் அவரை நாள் முழுக்க நிறுத்திவைப்பதற்குச் சமம். அதற்காக லயத்து அறையில் மாதக்கணக்கில் படுத்துக் கிடப்பதும் நல்லதில்லை. படுக்கையே நாடியை இன்னும் கெடுக்கும்.

அக்காவுக்கு டொக்டர் சொன்ன வழி நம் இடத்துக்குப் பொருந்தியது. முதலில் ஃபேக்டரிக்குப் போகிற சமமான ரோட்டில் காலை இளவெயிலில் மெதுவாக நடை. தொல்லை கூடத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், நாளைக்கு மறுபடி. நிற்கவே முடியாதவர்கள் படுத்தபடி காலை மடக்கி நீட்டும் பயிற்சியில் தொடங்கலாம். பாயிலிருந்து ஒரே எழும்பலாக எழும்பாமல், உட்கார்ந்து காலை ஆட்டி, பிறகு நிற்பது. ரோல்கோல் எடுக்கிற இடத்தில் நிற்க நேர்ந்தால் கால்களைப் பின்னிக்கொண்டு தொடையை இறுக்குவது. அது ரத்தத்தை மேலே தள்ளும். தொடைவரை இறுக்கிப் பிடிக்கிற காலுறையும் உதவும். சமமான ரோட்டில் தொல்லையில்லாமல் நடந்த பிறகுதான் மேடு. கூடை கடைசியில்.

தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். இங்கேதான் ஒரு வெட்கக்கேடான உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மலையில் மலசலகூடம் இல்லை. அதனால் பெண்கள் வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுகிறார்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாவில் வறண்ட கச்சான் காற்று வீசும். உலகம் விலை கொடுத்து வாங்குகிற ஊவாத் தேயிலையின் தனி வாசம் பிறப்பது அந்தக் காற்றில்தான். அதே காற்று பறிக்கிற பெண்ணின் உடம்பிலிருந்து நீரை உறிஞ்சுகிறது. உடம்பில் நீர் குறைந்தால் ரத்தத்தின் அளவு குறையும், ரத்தம் குறைந்தால் நாடி இன்னும் ஓடும். மலைக்கு ஒரு மலசலகூடமும் ஒரு தண்ணீர்ப் பீப்பாயும் இந்த நோய்க்கான மருந்தின் பகுதி என்று நான் மனதாரச் சொல்கிறேன்.

உப்பைக் கூட்டச் சொல்வதும் இந்தச் சிகிச்சையில் உண்டு. ஆனால் டொக்டரைக் கேட்காமல் கூட்டாதீர்கள். பிரஷர் உள்ளவர்களுக்கும் சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் அது கெடுதல். நம் மாவட்டத்திலேயே கிராந்துருகோட்டை, மகியங்கனைப் பக்கம் சிறுநீரக நோய் எத்தனை குடும்பங்களைத் தாக்கியிருக்கிறது என்று பார்த்திருக்கிறோம். வெறும் வயிற்றில் கடும் சாயமும், வாய் நிறைய வெற்றிலை பாக்கும் படபடப்பையும் வியர்வையையும் தூண்டும். சுகமாகும் வரை குறையுங்கள். கள்ளும் சாராயமும் வேண்டாம். இவற்றிலும் அடங்காவிட்டால் நாடியை மட்டுப்படுத்த மருந்து இருக்கிறது, அதை டொக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பிள்ளைகளையும் மறக்க வேண்டாம். மரத்திலிருந்து விழுந்த பையன், கிரவுண்டில் தலை முட்டிய பிள்ளை, காலைக் கூட்டத்தில் நிற்கும்போது மயங்கினால், வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை என்றால், கரும்பலகையில் எழுதியதை நினைவில் வைக்கத் தடுமாறினால், ஆசிரியர்கள் தண்டிக்காமல் உட்காரவைக்க வேண்டும். சில நாள் அரைநாள் பள்ளிக்கூடம் போதும்.

பஸ் விபத்துகளில் தப்பியவர்களையும் மறக்க வேண்டாம். 2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ், பசறை 13ஆம் கட்டையில் பாறை விழுந்து குறுகிப்போயிருந்த இடத்தில் பள்ளத்தில் விழுந்தது. பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய ரோட்டில் தங்காலை நகரசபை ஊழியர்களை ஏற்றிவந்த பஸ் கவிழ்ந்து 15 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு தடவையும் இறந்தவர்களின் எண்ணிக்கை செய்தியாகிறது. உயிர் தப்பி, "சிறு காயம்" என்று எழுதப்பட்டு வீட்டுக்கு வந்தவர்களை அதன் பிறகு யாரும் கேட்பதில்லை. பஸ் உருளும்போது தலை எங்கேயும் மோதாமலே மூளை குலுங்கலாம். அப்படி வந்த ஒருவர் இன்றும் எழுந்து நின்றால் படபடக்கிறது என்று சொன்னால், அதை விபத்தோடு சேர்த்துப் பாருங்கள்.

வேலை நேரத்தில் அடிபட்டவர்களுக்கு இன்னொரு வார்த்தை. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளருக்கும் உரியது. விழுந்த அன்றே தோட்ட அலுவலகத்தில் பதியவையுங்கள். டயக்னோசிஸ் கார்டைப் பத்திரமாக வையுங்கள். "ஸ்கேன் நோர்மல்" என்று ஒரு வரி மட்டும் இருந்தால், படுத்து நின்று எடுத்த நாடிக் கணக்கையும் டொக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். எழுத்தில் இல்லாத வருத்தத்துக்கு இலேசு வேலை கேட்பது கடினம். தலைவர்மாரும் கணக்கப்பிள்ளைமாரும் இதைக் கொஞ்சம் மனசு வைத்துப் பார்க்க வேண்டும். சில வாரம் சமதரை வேலை கொடுத்தால், பல வருடம் உழைக்கிற ஒரு கை திரும்பிவரும்.

பெரும்பாலானவர்கள் கன்கஷனிலிருந்து ஒரு மாதத்துக்குள் தேறிவிடுகிறார்கள். நாடி தடுமாறுகிறவர்களுக்கும் படிப்படியான நடையும் நீரும் நேரமும் கொடுத்தால் பலருக்குச் சரியாகிறது. அக்கா இப்போது கீழ் மலையில் கொழுந்து எடுக்கிறார், மேட்டு மலைக்கு இன்னும் போகவில்லை.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். உங்கள் லயத்தில் தலையடி பட்டு வாரங்கள் கழித்தும் நிற்க முடியாமல் இருக்கிற ஒருவர் இருந்தால், இன்றைக்குப் பின்னேரமே போங்கள். படுக்கவைத்து எண்ணுங்கள், நிற்கவைத்து எண்ணுங்கள், இரண்டையும் தாளில் எழுதி அடுத்த கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அதுவரை அவரைக் கள்ளம் என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.